எட்மண்ட் டுலாக்கின் ஓவியங்களில் ஜின்னும் பரீயும்

ஜின் என்னும் அரபுச் சொல்லின் வேர் ஜீம், நூன், நூன் ஆகிய மூன்றெழுத்துகள். மறைத்தல், மறைந்திருத்தல் என்பன அதன் அடிப்படைப் பொருள். தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசு ஜனீன். போர்வீரனை மறைத்துக் காக்கும் கேடயம் ஜுன்னா. அடர்ந்த மரங்களால் தரையை மறைக்கும் சோலை ஜன்னத். அறிவு திரையிடப்பட்டவன் மஜ்னூன். ஆகவே, கண்ணுக்குப் புலப்படாமை ஜின்னின் பல பண்புகளுள் ஒன்று என்பது போதாது. அதுவே அதன் பெயர். பாரசீகத்தின் ‘பரீ’ வேறு குலத்தைச் சேர்ந்த சொல். இஸ்லாத்திற்கு முற்பட்ட அவெஸ்தா மொழியில் ‘பைரிகா’ என்பது தீங்கிழைக்கும் சூனியக்காரியைக் குறித்தது. பிற்காலப் பாரசீகக் கவிஞர்களின் கையில் அவளே பேரழகின் உவமையானாள். பிரெஞ்சு மொழியின் ‘ஃபே’யும் ஆங்கிலத்தின் ‘ஃபேரி’யும் இவ்விரண்டோடும் உறவில்லாதவை, ஊழைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை.

தமிழில் இவை அனைத்தையும் ‘தேவதை’ என்று பெயர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. படைப்பினம் ஒன்றின்மீது தெய்வத்தன்மையை ஏற்றிவிடும் அச்சொல்லை இக்கட்டுரையில் தவிர்த்து, பரீ என்றே எழுதுகிறேன். (ஈற்றெழுத்தை நீட்டாவிட்டால் அது குதிரையாகிவிடும், ஆயிரத்தொரு இரவுகளில் பறக்கும் குதிரையும் உண்டென்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.)

இம்மூன்று சொற்களும் ஒன்றில் ஒன்று கரைந்த இடம் எதுவென்று திட்டமாகக் காட்ட முடியும். அந்துவான் கலான் 1704 முதல் 1717 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘அல்ஃப் லைலா வ லைலா’வின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பே அது. கமருஸ் ஸமான், புதூர் இளவரசி கதையில் வரும் மைமூனா அரபு மூலத்தில் ஒரு ஜின்னுப் பெண். கலானின் பிரெஞ்சில் அவள் ‘ஃபே’ ஆகிறாள். ஒரு சொல் மாறியபோது அவளது வமிசமே மாறிவிட்டது. ஈமான் கொண்ட ஜின் கூட்டத்தைச் சேர்ந்தவள், ஊழின் புதல்வியரோடு போய்ச் சேர்ந்தாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சிறுவர்களின் கண்ணில் கிழக்குலகின் கற்பனையைப் பதித்த எட்மண்ட் டுலாக், இந்தச் சொல்மாற்றம் நிகழ்ந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவரது ஓவியங்களை மதிப்பிட விரும்புவோர் இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

டுலாக் 1882ஆம் ஆண்டு பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்தார். அங்கேயே சட்டம் படிக்கத் தொடங்கி, அதனைக் கைவிட்டு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஆங்கிலத்தின் மீதும் ஆங்கில வாழ்க்கைமுறையின் மீதும் அவருக்கிருந்த மோகத்தைக் கண்டு உடன் படித்தவர்கள் அவரை ‘ஆங்கிலேயன்’ என்றே அழைத்தனராம். 1904இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1912இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார். பிரான்ட்டி சகோதரிகளின் நாவல்களுக்கு வரைந்த அறுபது படங்கள் அவருக்குக் கிடைத்த முதற்பெரும் பணி. அவருக்குப் புகழ் தேடித் தந்ததோ 1907இல் ஹாடர் அண்டு ஸ்டவ்டன் நிறுவனம் வெளியிட்ட அரபுக்கதை நூல். லாரன்ஸ் ஹவுஸ்மன் மறுபடி எழுதிய கதைகளுக்கு டுலாக் ஐம்பது வண்ணப்படங்கள் தீட்டியிருந்தார்.

அன்றைய நூல் வணிகத்தின் போக்கை அறியாமல் இப்படங்களை விளங்கிக்கொள்ள இயலாது. இலண்டனின் லெஸ்டர் காலரி ஓவியரிடமிருந்து படங்களை வாங்கும். பதிப்பகம் அவற்றை நூலாக்கும். மூலப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு விற்கப்படும். நூல் கிறிஸ்துமஸ் பரிசாக வீடுகளுக்குப் போகும். இந்த ஏற்பாட்டில் முன்னோடியாக விளங்கியவர் ஆர்தர் ராக்கம். அவர் பதிப்பகம் மாறியதால் விளைந்த வெற்றிடத்தையே டுலாக் நிரப்பினார். இருவருக்குமிடையே முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. ராக்கம் மைக்கோட்டால் உருவத்தைக் கட்டி, அதன்மேல் மெல்லிய வண்ணத்தைப் பரப்புவார். அச்சில் வண்ணம் பிசகினாலும் கோடு உருவத்தைக் காப்பாற்றிவிடும். டுலாக் தொழிலுக்கு வந்தபோது மூவண்ண அச்சுமுறை நன்கு தேர்ச்சியடைந்திருந்தது. எனவே கோட்டை நம்பாமல் வண்ணத்தையே நம்பி அவரால் தீட்ட முடிந்தது. வழவழப்பான தாளில் தனியே அச்சிட்டு நூலில் ஒட்டப்பட்ட அப்படங்களில் கருநீலம் வெல்வெட்டுத் துணிபோல் படிந்திருக்கும்.

அந்த நீலமே 1907ஆம் ஆண்டு நூலின் உயிர். கருந்தீவுகளின் மன்னன் உறங்குவதுபோல் கிடக்க, விசிறும் பணிப்பெண்கள் இருவர் அவன் மனைவியின் துரோகத்தைத் தமக்குள் பேசிக்கொள்ளும் படத்தை எடுத்துக்கொள்வோம். உடைகள் கீழைநாட்டுக்குரியவை; விரிப்புகளும் அவ்வாறே. ஆனால் இரவு ஐரோப்பியருடையது. விஸ்லர் இலண்டன் ஆற்றங்கரையைத் தீட்டிப் பழக்கிய நீல மூட்டம் அது. முகங்களின் சோர்வும் மெலிவும் பர்ன்-ஜோன்ஸ் வழிவந்தவை. வெளிச்சம் ஓர் இடத்திலிருந்து வருகிறது. மற்ற இடங்கள் நிழலில் அமிழ்கின்றன. பார்ப்பவன் மறைவில் நின்று எட்டிப் பார்ப்பதான உணர்வு உண்டாகிறது. அழகான படங்களே. எனினும் கிழக்குலகம் இங்கே உடுப்பாக மட்டும் வந்திருக்கிறது. ஹவுஸ்மனின் நூலில் இடம்பெற்ற அலிபாபா கதையும் அரபுக் கையெழுத்துப் படிகளில் காணப்படாத ஒன்று. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் கிறிஸ்தவ இளைஞர் 1709இல் பாரிசில் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்னது. ஆக, பாதி பிரெஞ்சு நாட்டில் உருவான கதைக்குப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இலண்டனில் படம் தீட்டினார்; அதனை உலகம் அரபு மண்ணின் முகமாக ஏற்றுக்கொண்டது.

எட்வர்ட் ஸயீத் 1978இல் வெளியிட்ட தம் நூலில் கீழைத்தேயவியலுக்கு எதிராக முன்வைத்த குற்றச்சாட்டு இப்படங்களுக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நம்மவர்களில் பலர் இவ்விடத்தோடு விவாதத்தை முடித்துக்கொள்கின்றனர். அவ்வாறு முடிப்பது ஓவியருக்கு மட்டுமன்று, நமக்கும் இழப்பாகும். ஏனெனில் 1907ஆம் ஆண்டின் டுலாக்கும் 1914ஆம் ஆண்டின் டுலாக்கும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள் அல்லர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஐரோப்பா பாரசீக நுண்ணோவியங்களை நேரில் காணத் தொடங்கியிருந்தது. 1910இல் மூனிச் நகரில் முஸ்லிம் கலைப்படைப்புகளின் மாபெரும் கண்காட்சி நடந்தது. மத்தீஸ் அதனைக் காணப் பயணம் செய்தார். 1912இல் எஃப். ஆர். மார்ட்டின் பாரசீக, இந்திய, துருக்கிய ஓவியங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஜப்பானிய மர அச்சுப் படங்களையும் சீன ஓவியங்களையும் முன்பே விரும்பிக் கற்றிருந்த டுலாக், இந்தப் புதிய பள்ளியிலும் மாணவராக அமர்ந்தார். 1909இல் உமர் கய்யாமின் ருபாயியாத்துக்கு அவர் தீட்டிய இருபது படங்களில் இந்தக் கல்வி இன்னும் முற்றவில்லை; நூல் பாரசீகம், கனவு ஐரோப்பியம். 1913இல் புதூர் இளவரசி கதைக்குத் தீட்டிய பத்துப் படங்களிலும், 1914இல் ஸிந்துபாத் முதலிய கதைகளுக்குத் தீட்டிய இருபத்து மூன்று படங்களிலுமே மாற்றம் தெளிவாகத் தெரிகிறது.

அவர் எதைக் கற்றார்? ஹெராத்திலும் தப்ரீஸிலும் வளர்ந்த ஓவியமரபு இரவைத் தீட்டும் முறையைக் கவனித்தால் விடை கிடைக்கும். ஏறத்தாழ 1540ஆம் ஆண்டில் மீர் ஸய்யித் அலீ தீட்டிய இரவுக்காட்சி ஒன்று ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளது. இவர் பின்னர் ஹுமாயூனின் அழைப்பை ஏற்று வந்து முகலாய ஓவியத்திற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். அப்படத்தில் வானம் இருண்டிருக்கிறது, மெழுகுவத்திகள் எரிகின்றன. இவற்றைக் கொண்டுதான் அது இரவு என்று அறிகிறோம். மற்றபடி சுவரின் ஒவ்வோர் ஓடும், ஆடையின் ஒவ்வொரு பூவும், உறங்குவோரும் விழித்திருப்போரும் நண்பகலில் போல் முழு நிறத்தோடு துலங்குகின்றனர். மெழுகுவத்தி எரிகிறது, ஆனால் அது எதன்மீதும் நிழல் வீழ்த்துவதில்லை. படத்திலுள்ள அனைத்தும் ஒரே சமமான வெளிச்சத்தில் நிற்கின்றன. எதுவும் மற்றொன்றின் பொருட்டு மங்கலாக்கப்படவில்லை. மனிதன் ஓரிடத்தில் நின்று காணும் காட்சியன்று இது. பொருள்கள் அறியப்படும் விதத்தில் அமைந்த காட்சி.

நிழல் என்றதும் மார்க்கச் சட்டம் பயின்ற வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரக்கூடும். உருவப்படங்கள் பற்றிய ஃபிக்ஹு விவாதத்தில் ‘நிழல் உள்ளவை’, ‘நிழல் அற்றவை’ என்ற பாகுபாடு பழமையானது. நிழல் வீழ்த்தும் சிலைகளை விலக்கி, தட்டையான படங்களை வெறுக்கத்தக்கவை என்ற அளவில் நிறுத்தியவர்கள் மாலிகி அறிஞர்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு இல்லை எனக் கூறியுள்ளார்கள். அந்தச் சட்டத்திலிருந்தே பாரசீக ஓவியம் தன் நிழலற்ற தன்மையைப் பெற்றது என்று சாதிக்க நான் துணியமாட்டேன். சீன ஓவியத்திலும் இத்தகைய நிழலின்மை உண்டு. மங்கோலியர் காலத்தில் சீனச் செல்வாக்கு ஈரானுக்குள் பரவியதும் வரலாறு. உருவம் தீட்டுவது பற்றிய தீர்ப்பை வழங்குவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே சொல் இரு துறைகளிலும் இவ்வளவு எடையோடு நிற்பது வியப்புக்குரியது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

ஸிந்துபாத் நூலில் டுலாக் செய்தது ஒரு துறவு. ஏழாண்டுகளுக்கு முன் தமக்குப் பெயர் தேடித் தந்த மூட்டமான நீலத்தை அவர் கைவிட்டார். திமிங்கிலம், ருக் பறவை, பாம்பு, கடற்கிழவன் ஆகிய நிகழ்வுகளுக்கான படங்களில் வெளிச்சம் எங்கிருந்தும் வரவில்லை. நிறங்களே வெளிச்சமாக இருக்கின்றன. பின்னணி தூரத்தில் மங்கி ஒதுங்காமல் படத்தின் மேற்பகுதிக்கு ஏறி நிற்கிறது. பாறைகளும் அலைகளும் இயற்கையில் உள்ளவாறு இல்லாமல் அலங்காரக் கோலமாகின்றன. தோளில் ஏறியமர்ந்து இறங்க மறுக்கும் கடற்கிழவனின் கதை திகிலூட்டுவது. 1907ஆம் ஆண்டின் டுலாக் அதனை இருளில் மூழ்கடித்திருப்பார் என்று ஊகிக்கலாம். இங்கே திகில் பட்டப்பகலில் நடக்கிறது. அதனாலேயே கூடுதலாக உறைக்கிறது. ஒருவர் பிறரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்று பார்ப்பதைவிட, எடுத்துக்கொண்டதற்காகத் தம்முடையதில் எதை விட்டுக்கொடுத்தார் என்று பார்ப்பதே கலையில் நேர்மையான அளவுகோல். முதல் நூலில் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே விட்டுக்கொடுத்திருக்கிறார். அதே ஆண்டில் போர் மூண்டது. ஆடம்பரப் பரிசுநூல்களின் காலமும் அதனோடு சரியத் தொடங்கியது. அவர் நாடக அமைப்புக்கும் அஞ்சல்தலை வரைவுக்கும் திரும்பினார். 1916இல் கவிஞர் யேட்ஸின் நாடகத்திற்கு முகமூடிகள் செய்ததும், 1937இல் மன்னர் ஆறாம் ஜார்ஜின் தலைவடிவத்தை அஞ்சல்தலைக்கு வரைந்ததும் தனிக் கட்டுரைக்குரியவை.

இனி நம் பக்கம் திரும்புவோம். அல்ஃப் லைலாவுக்கு ஓவியம் தீட்டும் மரபு அரபுலகில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். காரணத்தை நான்காம் ஹிஜ்ரி நூற்றாண்டிலேயே காணலாம். இப்னுன் நதீம் தமது ‘ஃபிஹ்ரிஸ்த்’தில் இக்கதைத் தொகுதியின் பாரசீக மூலமான ‘ஹஸார் அஃப்ஸான்’ பற்றிக் குறிப்பிட்டு, அதனைச் சுவையற்ற நூலென்று தள்ளிவிடுகிறார். கற்றோர் கடைத்தெருவில் விட்டுவைத்ததை அயலார் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அவர்கள் உடுத்திய உடையில் அது நம்மிடமே திரும்பி வந்தபோது, அடையாளம் தெரியாமல் சிலர் கோபித்தோம், சிலர் வியந்தோம்.

ஆனால் கற்றோர் போற்றிய நூல்களுக்கு ஓவியம் இருந்தது. நம் அரபுக் கல்லூரிகளில் மகாமாத்துல் ஹரீரி ஓதிக்கொடுக்கப்படுகிறது. அதன் சொல்லணிகளையும் அருஞ்சொற்களையும் உடைத்துப் பொருள் காண்பதிலேயே பாடவேளை கழிந்துவிடுகிறது. ஹிஜ்ரி 634இல், அதாவது கி.பி. 1237இல், யஹ்யா அல்வாஸிதீ அந்நூலைத் தம் கையாலேயே எழுதி ஓவியமும் தீட்டினார் என்பதை மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள அப்படியில், முப்பத்தொன்பதாம் மகாமாவுக்குரிய தீவுக்காட்சி ஒன்று இருக்கிறது. மரங்களில் குரங்குகள், கிளைகளில் பறவைகள், தரையில் பெண்முகம் கொண்ட பறவையும் மனிதத்தலை கொண்ட சிறகுடைய விலங்கும். ஹரீரியின் வாசகத்தில் இவ்விரண்டும் இல்லை. கடலுக்கு அப்பாலுள்ள தீவு என்றதும் பஸராவின் மாலுமிக் கதைகள் ஓவியரின் தூரிகையில் தாமாகவே வந்திறங்கிவிட்டன. டுலாக்கின் ஸிந்துபாத்துக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் முந்திய அதிசயத்தீவு இது. அங்கே மனிதர் எவரும் இல்லை. எவரும் வியந்து வாய்பிளக்கவில்லை. அப்படைப்புகள் தம்பாட்டுக்கு வாழ்கின்றன.

வியப்பு என்பதற்கு ஸகரிய்யா அல்கஸ்வீனீ தமது ‘அஜாயிபுல் மக்லூகாத்’தின் தொடக்கத்தில் தரும் விளக்கம் இங்கே உதவும். ஒன்றின் காரணத்தை அறிய இயலாமையால் மனிதனுக்கு உண்டாகும் திகைப்பே வியப்பு என்கிறார் அவர். சான்றாக அவர் காட்டுவது ஜின்னையோ பரீயையோ அன்று, தேன்கூட்டை. அதனை முன்பு கண்டிராதவன், அதன் ஆறுகோண அறைகளைக் கண்டு திகைப்பான். பழகியபின் திகைப்பு நீங்கிவிடும். படைப்பு குறைவதில்லை, பழக்கமே கண்ணை மூடுகிறது என்பது அவரது கருத்து. 1280இல் எழுதப்பட்ட அந்நூலின் மூனிச் படியில் வானவரும் விசித்திர உயிர்களும் இடம்பெறுவது இந்த வாதத்தின் பகுதியாகவே. தேனீயும் அங்கே அதிசயந்தான். டுலாக்கின் உலகில் தேன்கூட்டுக்கு இடமில்லை. அவரது வியப்பு அரிதானவற்றின் மீது மட்டுமே. என் மதிப்பீட்டில் அவரது கலையின் எல்லை இதுதான்.

அந்த எல்லையை அவர் ஒருமுறை கடக்க நெருங்கினார். அதுவும் அரபுக்கதையில் அன்று. 1911இல் அவர் ஆண்டர்சனின் கதைகளுக்குத் தீட்டிய இருபத்தெட்டுப் படங்களில் ‘சுவனத்தோட்டம்’ என்னும் கதைக்குரியவையும் உண்டு. சிறுவயதில் தம் தந்தை அரபுக்கதைகளைப் படித்துக்காட்டியதாக ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். 1839இல் வெளிவந்த இக்கதையில், கீழைக்காற்று இளவரசனைச் சுமந்துசென்று தோட்டத்தில் விடுகிறது. அங்குள்ள பரீ அவனுக்கு ஒரு நிபந்தனை விதிக்கிறாள். ஒவ்வோர் இரவும் அவள் அழைப்பாள். அவன் பின்தொடரக் கூடாது. முதல் இரவே அவன் பின்தொடர்கிறான். இடி முழங்குகிறது. தோட்டம் மறைந்துபோகிறது.

நிஸாமி கஞ்சவியின் ‘ஹஃப்த் பைகர்’ பயின்றோர் இதனைப் படிக்கும்போது திடுக்கிடுவர். ஹிஜ்ரி 593இல், கி.பி. 1197இல், முடிவுற்ற அக்காவியத்தில், கறுப்பு மண்டபத்து இளவரசி சொல்லும் கதையில், மன்னன் ஒருவன் கூடையில் ஏறி உயரே சென்று, பெரும்பறவையின் கால்களைப் பற்றிப் பறந்து, பரீகளின் சோலையில் விழுகிறான். இரவில் விளக்குகளோடு பரீகள் வருகின்றனர். அவர்களின் அரசி அவனைப் பொறுத்திருக்கச் சொல்கிறாள். முப்பதாம் இரவில் அவன் பொறுமை இழக்கிறான். கண்களை மூடு என்கிறாள் அரசி. திறந்தபோது அவன் அதே கூடையில் கிடக்கிறான். வாழ்நாள் முழுவதும் கறுப்பாடை உடுத்துகிறான். ஆண்டர்சன் நிஸாமியைப் படித்தார் என்பதற்கு நான் சான்று காட்டவில்லை, காட்டத் தேவையுமில்லை. இரு கதைகளிலும் பரீ ஒரு காட்சிப்பொருள் அல்லள். ஸப்ருக்கு வைக்கப்படும் சோதனை. அவள் அழகு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு கடுமை அந்தச் சோதனை.

டுலாக் அக்கதையிலிருந்து தேர்ந்துகொண்ட தருணங்களில் ஒன்று என்ன? பரீ கிளைகளை விலக்கி இலைகளுக்குள் மறையும் கணம். அவர் வாழ்நாளில் தீட்டிய பரீகளில், நான் கண்டவற்றுள், உண்மைக்கு மிக நெருங்கியவள் இவளே என்பேன். மற்றவர்கள் சிறகும் மணியும் அணிந்து பார்ப்பவனுக்காக நிற்கிறார்கள். இவள் மறைகிறாள். இளவரசன் பின்தொடரப்போகிறான் என்பது நமக்குத் தெரியும். அவன் இழக்கப்போவதும் தெரியும். ஜீம், நூன், நூன் என்னும் வேர்ச்சொல்லை டுலாக் அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் அவரது தூரிகை அந்தக் கணத்தில் அதன் பொருளைத் தொட்டுவிட்டது.

பின்னர் அவர் தீட்டிய புதூர் இளவரசி கதையில் இதைவிடப் பெரிய வாய்ப்பு அவருக்கிருந்தது. ஐரோப்பியரின் பரீ ஓவியங்கள் அனைத்திலும் மனிதன் புற்களை விலக்கிப் பரீகளை எட்டிப் பார்க்கிறான். அவர்கள் சிறியவர்கள், அவன் பெரியவன். பாரசீக ஓவியத்தில் பரீ மனித உயரத்தில் நேருக்குநேர் நிற்கிறாள். அரபுக்கதையோ பார்வையையே திருப்பிவிடுகிறது. ஷைத்தானும் அவன் கூட்டத்தாரும் நாம் அவர்களைக் காணாத விதத்தில் நம்மைக் காண்கின்றனர் என்று திருக்குர்ஆன் அல்அஃராஃப் அத்தியாயத்தில் எச்சரித்திருப்பதை இங்கே நினைவுகூரலாம். பாழடைந்த கோபுரத்தில் சிறைவைக்கப்பட்ட கமருஸ் ஸமான் விளக்கொளியில் உறங்குகிறான். கிணற்றிலிருந்து எழும் மைமூனா, ஒருபோதும் வெளிச்சம் இல்லாத இடத்தில் வெளிச்சத்தைக் கண்டு உள்ளே வருகிறாள். சிறகுகளை மடக்கிக்கொள்கிறாள். முகத்தின் மேலிருந்த போர்வையை விலக்குகிறாள். அவனது அழகைக் கண்டதும் படைத்தவனைத் துதிக்கிறாள். இங்கே வியப்பது ஜின். வியக்கப்படுவது உறங்கும் மனிதன். பரீயைக் காண மனிதன் வந்த கதையன்று இது. மனிதனைக் கண்டு ஜின் தன் இறைவனை நினைத்த கதை. கலானின் ‘ஃபே’ என்ற சொல்லில் இவ்வளவும் உதிர்ந்துபோயின. டுலாக்கின் பத்துப் படங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டும் வாசகர், அவற்றின் முன் தாம் நிற்கும் இடம் புல்வெளியில் ஒளிந்திருக்கும் சிறுவனுடையதா, விளக்கருகே சிறகு மடக்கி நின்ற மைமூனாவுடையதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.